கப்பல் வருமுன்

அரியலூரில் கடல் இல்லை. அவ்வூரார் கடலைக் காண விரும்பினால் தொலைதூரம் செல்லவேண்டும். ஆயினும் அவ்வூர் மண்ணைத் தோண்டுவோர் கையில் அகப்படுவது கடலே. சிப்பிகளும், ஆட்டுக்கடாவின் கொம்புபோல் சுருண்ட ஓட்டினையுடைய அம்மோனைட்டுகளும் அங்குக் கல்லாகிக் கிடக்கின்றன. பல கோடி ஆண்டுகளுக்கு முன் அந்நிலப்பரப்பு கடலுக்கடியில் இருந்தது. அண்டையிலுள்ள பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில், பதினெட்டு மீட்டர் நீளமுள்ள மரமொன்று அடிமுதல் நுனிவரை கல்லாய் மாறிக் கிடக்கின்றது. அக்காலக் கடலில் அடித்துச் செல்லப்பட்டு மணலில் புதையுண்ட மரம் அது. 1862ஆம் ஆண்டிலேயே ஹென்றி பிளான்ஃபோர்டு என்னும் நிலவியல் அறிஞர் இவ்வட்டாரப் பாறைகளை ஆராய்ந்து எழுதியுள்ளார். பழைய கடல்வாழ் உயிர்களைக் காண விரும்புவோர்க்கு வாரணவாசியில் அருங்காட்சியகமும் உண்டு.

அக்கடல் விட்டுச் சென்ற செல்வமே சுண்ணாம்புக்கல். அதனை நம்பியே இவ்வட்டாரத்தில் சிமெண்டு ஆலைகள் எழுந்தன. 1939இல் டால்மியாபுரத்தில் தொடங்கிய தொழில், பின்னர் அரியலூரைச் சுற்றிலும் பரவியது. ஒரு டன் கிளிங்கர் ஆக்குவதற்கு ஏறக்குறைய ஒன்றரை டன் சுண்ணாம்புக்கல் வேண்டும். அது காலடியிலேயே கிடைக்கின்றது. ஆனால் அதனைச் சுட்டெடுக்கும் நெருப்புக்கு வேண்டிய கரி காலடியில் இல்லை. ஜெயங்கொண்டம் பக்கத்தில் பழுப்பு நிலக்கரி புதைந்திருப்பது கண்டறியப்பட்டதாயினும், அஃது இன்னும் வெட்டியெடுக்கப்படவில்லை. ஆதலின் கரி தொலைவிலிருந்தே வரவேண்டும். அயல்நாட்டுக் கரி கப்பலில் வந்து, காரைக்கால் போன்ற துறைமுகங்களில் இறங்கி, இரயிலேறி உள்நாட்டை அடைகின்றது. 2009இல் செயற்படத் தொடங்கிய காரைக்கால் துறைமுகத்திலிருந்து புறப்படும் சரக்கு வண்டி நாகூர், நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி வழியாகச் சென்று அரியலூரை எட்டலாம். கடல் சமைத்த கல்லைச் சுடுவதற்குக் கடல் கடந்து வரும் கரியே தேவைப்படுகின்றது!

சிமெண்டுச் சூளை வீட்டடுப்புப் போன்றதன்று. நினைத்தபோது அணைத்து, நினைத்தபோது மூட்ட இயலாது. உள்ளே பொருள் ஏறக்குறைய 1,450 பாகை செல்சியசு வெப்பத்தில் வேகும். கரியின்றிச் சூளை திடுமெனக் குளிர்ந்தால் உட்புறம் பதித்த தீச்செங்கற்கள் வெடித்து உதிரும். மீண்டும் மூட்டுவதற்குப் பொருளும் நாட்களும் செலவாகும். ஆகவே கரி குறித்த காலத்தில் வந்துசேர்வது ஆலையின் உயிர்நிலை எனலாம்.

இக்கரியை இறக்குவதற்குத் துறைமுகத்தில் எத்தனை கப்பல்தளங்கள் வேண்டும்? எத்தனை பாரந்தூக்கிகள் வேண்டும்? கரியைக் குவித்து வைக்கும் திடல் எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும்? மூட்டையிலும் பெட்டியிலும் அடங்காமல் குவியலாக வரும் சரக்கிற்குத் துறைமுகம் அமைக்கும் பொறியாளர் முதலில் விடை காணவேண்டிய வினாக்கள் இவை. தளம் மிகுந்தால் கடலில் கொட்டிய பணம் வீணாகும். குறைந்தால் கப்பல்கள் நங்கூரமிட்டுக் காத்து நிற்கும். அவ்வாறு காக்கும் ஒவ்வொரு நாளுக்கும் கப்பலுக்குரியவர்க்குத் தாமதக் கட்டணம் செலுத்த நேரும். அக்கட்டணம் முடிவில் சிமெண்டு மூட்டையின் விலையில்தான் ஏறும்.

இவ்வினாவின் அருமையைப் பெரம்பலூர் மாவட்டத்துக் கரும்பு உழவர் நன்கு அறிவர். எறையூரிலே சர்க்கரை ஆலை உண்டு. அரவைப் பருவத்தில் கரும்பு வண்டிகளும் டிராக்டர்களும் வரிசையாக நிற்பது ஆலை உள்ள எவ்வூரிலும் காணும் காட்சியே. ஆலையின் அரவைத்திறன் அந்நாளில் வரும் கரும்பினும் மிகுதியாகவே இருக்கலாம். ஆயினும் வண்டிகள் நிற்கும். காரணம் யாது? எல்லா வண்டிகளும் ஒரே சீராக வருவதில்லை. காலையில் எடைமேடை வெறுமையாயிருக்கும். மாலையில் ஐம்பது வண்டிகள் ஒருங்கே வந்து சேரும். வெட்டிய கரும்போ காத்திருக்குந்தோறும் எடை குறையும், சாறும் கெடும். இதனைத் தவிர்க்கவே ஆலைகள் முறைவைத்து உழவர்க்கு 'வெட்டு உத்தரவு' வழங்குகின்றன. கப்பலுக்கு அத்தகைய உத்தரவு வழங்குதல் எளிதன்று. காற்று, மழை, பிற துறைமுகங்களில் நேரும் தாமதம் ஆகிய யாவும் அதன் வருகையைக் கலைத்துவிடும்.

இதனைச் சிறு விளையாட்டாகச் செய்து பார்க்கலாம். ஒரு தளமே உள்ள துறைமுகம் ஒன்று எனக் கொள்க. ஒரு கப்பலை இறக்க மூன்று நாள் ஆகும். அடுத்த கப்பல் எத்தனை நாள் கழித்து வரும் என்பதைப் பகடை உருட்டிக் காண்க. பகடையில் 6, 1, 2, 5, 1, 6 என விழுந்தது எனக் கொண்டால், கப்பல்களுக்கு இடையே சராசரியாக மூன்றரை நாள் கிடைக்கின்றது. இறக்குவதற்கோ மூன்று நாளே போதும். ஆகவே ஒரு கப்பலும் காத்திராது என்று தோன்றும். கணக்கிட்டால் உண்மை வேறாகின்றது.

முதற்கப்பல் வந்த பொழுதிலிருந்து நாட்களை எண்ணினால், அடுத்த கப்பல்கள் 6, 7, 9, 14, 15, 21 ஆகிய நாட்களில் வருகின்றன. முதற்கப்பல் மூன்றாம் நாள் சென்றுவிடும். அதன்பின் ஆறாம் நாள்வரை தளம் வெறுமையாய்க் கிடக்கும். ஆறாம் நாள் வந்த இரண்டாம் கப்பல் ஒன்பதாம் நாள்வரை தளத்தில் நிற்கும். ஏழாம் நாளே வந்துவிட்ட மூன்றாம் கப்பல் இரண்டு நாள் காக்கும். நான்காவது மூன்று நாள், ஐந்தாவது ஒரு நாள், ஆறாவது மூன்று நாள் காக்கும். ஏழாவது மட்டும் காக்காமல் தளம் சேரும். ஆகக் காத்த நாட்கள் ஒன்பது. அதே காலத்தில் தளம் மூன்று நாள் சும்மாவும் இருந்தது. மூன்றரை நாள் என்ற சராசரி பொய்யன்று; ஆயினும் துறைமுகத்தில் நடப்பது இன்னதென்று அது கூறவில்லை.

அதே ஆறு எண்களை வரிசை மாற்றி 1, 1, 2, 5, 6, 6 என வைத்தால் காத்த நாட்கள் பதினான்காக உயர்கின்றன. கப்பல்களின் தொகை மாறவில்லை, சராசரியும் மாறவில்லை, வந்த முறைமட்டுமே மாறியது. இனி, முதலில் கண்ட வரிசையையே வைத்துக்கொண்டு, விரைவான பாரந்தூக்கி ஒன்றை நிறுவி மூன்று நாள் வேலையை இரண்டு நாளில் முடிப்பதாகக் கொள்க. அப்போது காத்த நாட்கள் ஒன்பதிலிருந்து மூன்றாகக் குறைகின்றன. இறக்கும் காலம் மூன்றிலொரு பங்கு குறைய, காத்திருப்பு மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. இத்தகைய பயனை வெறும் வகுத்தற் கணக்கால் காண இயலாது. பகடையும் தாளும் கொண்டு எவரும் இதனைச் சரிபார்க்கலாம்.

காத்திருப்பின் கணிதத்தை முதலில் ஆராய்ந்தவர் துறைமுகப் பொறியாளர் அல்லர். டென்மார்க்கு நாட்டுக் கோபனேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய எர்லாங் என்பார், அழைப்புகள் தற்செயலாக வரும் தன்மையை ஆராய்ந்து 1909இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் வகுத்த வழியில் பின்னர் வளர்ந்த கணிதம் கப்பலுக்கும் பொருந்தும். கப்பல்கள் முற்றும் தற்செயலாக வருவன என்றும், ஒவ்வொன்றையும் இறக்கச் சரியாக இரண்டு நாள் ஆகும் என்றும் கொள்வோம். தளம் தன் காலத்தில் பாதியளவு வேலை செய்யுமாயின் ஒரு கப்பல் சராசரியாக ஒரு நாள் காக்கும். நூற்றுக்கு எண்பது பங்கு வேலை செய்யுமாயின் நான்கு நாள் காக்கும். தொண்ணூறு பங்காயின் ஒன்பது நாள்! தளத்தை ஓயாமல் உழைக்கச் செய்வதே சிக்கனம் என்று எண்ணுவோர் இவ்வெண்களைக் கண்டு சற்றே தயங்குவர்.

ஆனால் மெய்யான துறைமுகம் இத்துணை எளிதன்று. அங்குப் பல தளங்கள் உண்டு. கப்பல்கள் பெரிதும் சிறிதுமாக வரும். பாரந்தூக்கி பழுதுபடும், சுழல்பட்டை அறுபடும், திடல் நிறைந்துவிடும், இரயில் வராது. இவை யாவும் ஒன்றோடொன்று பின்னிய நிலையில் சமன்பாடுகள் கைவிட்டுவிடுகின்றன. அப்போது எஞ்சுவது மேலே கண்ட பகடை விளையாட்டே. அதனை ஆயிரம் முறை, பதினாயிரம் முறை ஆடிப் பார்க்கவேண்டும். மனிதர் கையால் ஆகாத அவ்வேலையைக் கணிப்பொறி செய்து முடிக்கும். இதனைச் சிமுலேஷன் என்பர். தமிழில் 'போலச்செய்தல்' எனலாம். நாடகம் அரங்கேறுமுன் நடத்தும் ஒத்திகை போன்றது இது.

இந்நெறி தோன்றிய வரலாறு சுவையானது. ஸ்டானிஸ்லா உலாம் என்னும் கணித அறிஞர் 1946இல் நோயினின்று தேறிவரும் நாளில் தனியாகச் சீட்டாடிக் கொண்டிருந்தார். ஆட்டத்தில் வெல்லும் வாய்ப்பைக் கணிதத்தால் காண முயன்றார், கைகூடவில்லை. பலமுறை ஆடிப்பார்த்து வென்ற முறைகளை எண்ணினாலென்ன என்று நினைத்தார். அவருடைய நண்பர் ஜான் வான் நாய்மன், அக்கருத்தைக் கணிப்பொறிக்கு உரியதாக்கினார். 1961இல் ஜெஃப்ரி கார்டன் என்பார், ஐ.பி.எம். நிறுவனத்தில், வரிசையில் நிற்பனவற்றை விவரிப்பதற்கென்றே ஒரு கணிப்பொறி மொழியை வகுத்தார். நார்வே நாட்டின் ஓஸ்லோ நகரில் டால், நைகார்டு என்னும் இருவர் 'சிமுலா' என்ற மொழியை ஆக்கினர். இன்று உலகெங்கும் வழங்கும் பல கணிப்பொறி மொழிகளுக்குச் சிமுலா மூதாதை. அது முதலில் பிறந்தது, இத்தகைய ஒத்திகைக்காகவே.

துறைமுகத்தைக் கட்டுமுன் சிறிதாகச் சமைத்துப் பார்க்கும் வழக்கம் நம் நாட்டிற்குப் புதிதன்று. 1916இல் தோன்றி, புணேக்கு அருகே கடகவாசலாவில் இயங்கிவரும் மத்திய நீர் மற்றும் மின் ஆராய்ச்சி நிலையத்தில், துறைமுகங்களின் சிற்றுருவை மண்ணாலும் கல்லாலும் அமைத்து, நீர் விட்டு, அலை எழுப்பி ஆராய்வர். அலைதடுப்புச் சுவர் எங்கே அமையவேண்டும், மணல் எப்பக்கம் சேரும் என்பன அதனால் விளங்கும். அங்கே சிறிதாக்கப்படுவது இடம். கணிப்பொறி ஒத்திகையில் சுருக்கப்படுவது காலம். இருபது ஆண்டுக் கப்பல் வரவு சில நிமிடங்களில் திரையில் ஓடி முடிந்துவிடும்.

அவ்வொத்திகையில் கப்பலைவிட மிகுந்த தொல்லை தருவது திடலே. ஓர் எடுத்துக்காட்டால் இது விளங்கும். எழுபதாயிரம் டன் கரியுடன் ஒரு கப்பல் வருகின்றது. நாளொன்றுக்கு முப்பத்தையாயிரம் டன் வீதம் இரண்டு நாளில் இறக்கிவிடுகின்றனர். ஒரு சரக்கு இரயில் ஏறக்குறைய நாலாயிரம் டன் ஏற்றிச் செல்லும். ஆகவே அக்கப்பலின் கரியைக் கொண்டுசெல்லப் பதினெட்டு இரயில்கள் வேண்டும். நாளொன்றுக்கு நான்கு இரயில்களே கிடைக்குமாயின், கப்பல் புறப்படும் வேளையில் முப்பத்தெண்ணாயிரம் டன் கரி திடலில் எஞ்சியிருக்கும். அது தீருமுன் அடுத்த கப்பல் வந்தால் குவியல் வளரும். மூன்றாவதும் விரைந்து வந்தால் திடல் நிறையும். திடல் நிறைந்தபின் பாரந்தூக்கி எத்துணை விரைவாயிருந்தும் பயன் என்ன? கொட்ட இடமின்றி அது நிற்கும், கப்பலும் நிற்கும். இந்நிலையில் இன்னொரு பாரந்தூக்கி வாங்குவது கோடிக்கணக்கான பணத்தை வீணாக்குவதே. இரண்டு இரயில்கள் கூடுதலாகக் கிடைத்தால் குறை தீர்ந்துவிடும். குறை எங்கே இருக்கின்றது என்பதைக் கட்டுமுன்பே காட்டுவதுதான் ஒத்திகையின் முதற்பயன்.

ஆஸ்திரேலிய நாட்டில் நியூகாசில் என்னும் துறைமுகம், நிலக்கரி ஏற்றுமதியில் உலகின் தலைசிறந்தவற்றுள் ஒன்று. 2007ஆம் ஆண்டில், கரி ஏற்றுவதற்காக ஐம்பதுக்கு மேற்பட்ட கப்பல்கள் அதன் கடலில் காத்துக் கிடந்தன. சூன் மாதம் 8ஆம் நாள் பெரும்புயல் வீசியது. அவ்வாறு காத்திருந்த 'பாஷா பல்கர்' என்னும் கப்பல் கரைக்கு அடித்து வரப்பட்டு, நகரத்துக் கடற்கரை மணலிலேயே தட்டி நின்றது. மாலுமிகள் இருபத்திருவரும் ஹெலிகாப்டர் மூலம் மீட்கப்பட்டனர். காத்திருத்தல் பணச்செலவு மட்டுமன்று, உயிர்க்கும் இடராவது என்பதை அந்நாள் காட்டியது. சுரங்கத்தார், இரயில்வேயார், துறைமுகத்தார் ஆகியோர் தத்தம் பகுதியைத் தனித்தனியே கணக்கிட்டு வந்த நிலை பின்னர் மாறியது. 2009இல் அவர்கள் அனைவர்க்கும் பொதுவான ஒருங்கிணைப்பு அமைப்பு ஏற்பட்டது. சுரங்கம் முதல் கப்பல் வரை உள்ள முழுச் சங்கிலியையும் ஒரே ஒத்திகையாகக் கணிப்பொறியில் நடத்தி, எவ்வளவு கரி செல்லும் என்பதை அவ்வமைப்பு அறிவித்து வருகின்றது.

ஒத்திகைக்கு எல்லையும் உண்டு. கணக்கில் எழுதப்படாதது விடையில் தோன்றாது. கப்பல், பாரந்தூக்கி, இரயில் ஆகிய மூன்றை மட்டும் எழுதினால் அம்மூன்றைப் பற்றியே விடை கிடைக்கும். காற்றில் பறக்கும் கரித்தூளைப் பற்றி அது வாய் திறவாது. சென்னைத் துறைமுகத்தில் நெடுங்காலம் நிலக்கரியும் இரும்புத்தாதும் கையாளப்பட்டன. அருகே வாழ்வோரின் வீடுகளில் தூசு படிந்தது. வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது. அதன் ஆணைப்படி 2011இல் சென்னையில் அச்சரக்குகளைக் கையாள்வது நின்றது. நிலக்கரி எண்ணூருக்கு மாறியது. மின்வாரியத்தின் அனல் நிலையங்களுக்குக் கரி இறக்குவதையே முதல் நோக்கமாகக் கொண்டு 2001இல் திறக்கப்பட்ட துறைமுகம் எண்ணூர்த் துறைமுகம். 2014இல் அது காமராசர் பெயர் பெற்றது. ஆனால் எண்ணூரிலும் மக்கள் வாழ்கின்றனர். மீனவர் தொழில் செய்கின்றனர். சரக்கை இடம் மாற்றினால் தூசும் உடன் இடம் மாறும். திடலின் பரப்பையும் குவியலின் உயரத்தையும் குறிக்கும் பொறியாளர், காற்று எத்திசையில் எவ்வளவு நாள் வீசும் என்பதையும், கரியை நனைக்க எவ்வளவு நீர் வேண்டும் என்பதையும் அதே கணக்கில் எழுதுதல் இயலாததன்று. எழுதும்படி கேட்பார் வேண்டும், அவ்வளவே.

அரிதாக வருவனவும் இவ்வாறே. சோழமண்டலக் கரையில் ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் புயற்காலம். 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரையைக் கடந்தது. புயல் எச்சரிக்கை வந்தால் கப்பல்கள் தளத்தை விட்டு ஆழ்கடலுக்கு விலகும். இரயில் பாதையிலும் போக்குவரத்து நிற்கலாம். ஆண்டு முழுவதையும் ஒரே தன்மையாக எண்ணி ஓட்டிய ஒத்திகை, வேனிற்காலத்துத் துறைமுகத்தை மட்டுமே காட்டும். ஆகவே கரையின் பழைய வானிலைப் பதிவுகளை எடுத்து, புயல் வந்த ஆண்டுகளையும் வாராத ஆண்டுகளையும் கலந்து ஓட்டுவர். பதினாயிரம் ஓட்டங்களில் எத்தனையில் திடல் வெறுமையானது, எத்தனை நாள் வெறுமையாயிருந்தது என்று எண்ணுவர். அதைக் கொண்டே ஆலைகள் தம் முற்றத்தில் எத்தனை நாளைக்குரிய கரியைச் சேமித்து வைக்கவேண்டும் என்பதும் தெளிவாகும்.

துறைமுகத்தின் மதிலோடு ஒத்திகையை நிறுத்துவதா, அதற்கப்பாலும் கொண்டு செல்வதா என்பது பொறியாளரின் முடிவைப் பொறுத்தது. மதிலோடு நிறுத்தினால் வேலை எளிது. ஆயினும் சரக்குப் பெட்டிகள் மதிலோடு நிற்பதில்லை. அரியலூர்ப் பக்கத்து ஆலையின் தனிப்பாதையில் கரியை இறக்கியபின், வெற்றுப் பெட்டிகள் வந்தவழியே துறைமுகத்துக்குத் திரும்பவேண்டும். மழையில் நனைந்த கரி பெட்டியின் அடியில் ஒட்டிக்கொள்ளும். அதனைச் சுரண்டித் தள்ளுவதற்கு ஆட்கள் வேண்டும். அங்கே அரைநாள் தாமதமானால், ஏற்றுவதற்குப் பெட்டியின்றித் திடலில் கரி தேங்கும். திடல் நிறைந்தால் பாரந்தூக்கி நிற்கும். கல்லாகிப்போன பழங்கடலின் மேல் அந்த ஆட்கள் கரியைச் சுரண்டிக் கொண்டிருக்கும் வேளையில், காரைக்காலுக்குக் கிழக்கே ஒரு கப்பல் நங்கூரத்தை இறக்கிவிட்டுக் காத்துக் கொண்டிருக்கும்.